தளபதிக்கு வடைமாலை

எங்கள் பட்டினப் பூங்காவில் நிற்கிற தளபதியின் நினைவுக்கல்லுக்குப் பக்கத்தில் போன மாதம் ஒரு தகடு பூட்டியிருக்கிறார்கள். அதில் எழுத்து இல்லை. கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். கைத்தொலைபேசியை நீட்டினால் தளபதியின் கதை முழுவதும் வருமாம். நானும் நீட்டிப் பார்த்தேன். என்னுடையது பட்டன் போன். ஒன்றும் வரவில்லை.

பிரதேச சபை அலுவலகத்தில் இப்போது இருக்கிற எழுதுநர் பிள்ளை என்னைக் கண்டதும் கேட்டாள்.

"மணியண்ணை, உந்தக் கல்லை முந்திச் சாமியெண்டு கும்பிட்டவையாம், மெய்யே? நீங்கள்தானே அப்ப பூங்காவிலை நிண்டனீங்கள். ஒருக்கா எழுதித் தாங்கோ, சபை மலரிலை போடுவம்."

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. எட்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் மெய்யோ என்று கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். மெய்தான். தொடக்கி வைத்தவனும் நான்தான்.

சபையில் நான் அமைய ஊழியன். அதாவது நிரந்தரம் இல்லாத தொழிலாளி. சண்டைக்கு முந்தி அமையம். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்த பிறகும் அமையம். ஊரில் எல்லாம் மாறிப் போயிருந்தது, அது மட்டும் மாறவில்லை. அந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெள்ளம் ஓடக் கான் வெட்டினேன். குப்பை அள்ளினேன். வீதியில் திரிகிற கட்டாக்காலி மாடு பிடித்தேன். மாடு பிடிக்கிறதுதான் கடினமான வேலை. பிடிபடுகிற மாடு எல்லாம் யாரோ ஒரு சபை உறுப்பினரின் சொந்தக்காரருடையதாக இருக்கும். பின்னேரமே அவிழ்த்துவிடச் சொல்லுவார்கள். பிறகு என்னைப் பூங்காவில் விட்டார்கள். அங்கே மரங்கள்தான். மரத்துக்குச் சொந்தக்காரர் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்த வருடம்தான் தளபதி வந்தார்.

தளபதி என்றால் இந்தக் காலத்து ஆள் இல்லை. வன்னியரசன் ஒருவனுக்குப் படை நடத்தியவர். பீரங்கி வைத்திருந்த வெள்ளைக்காரரோடு வாளும் வேலும் கொண்டு மோதியவர். பெயரை நான் இங்கே எழுதவில்லை. கல்லில் இருக்கிறது, வந்து பாருங்கள். அதை வாசிக்கக்கூடியதாக வைத்திருக்க நான் பட்ட பாட்டுக்கு நீங்கள் அதையாவது செய்யலாம்.

கல் லொறியில் வந்தது. கருங்கல். நெஞ்சளவு உயரம், மேற்பக்கம் வளைவு. பதினான்கு வரி எழுத்து வெட்டியிருந்தது. எந்தப் பக்கம் பார்த்து நடுகிறது என்று உறுப்பினர்கள் ஒரு காலை முழுவதும் கதைத்தார்கள். தெற்குப் பார்த்தால் எதிரியைப் பார்க்கிற மாதிரி இருக்கும் என்றார் ஒருவர். எதிரி கடலால் வந்தவன் என்றார் மற்றவர். கடைசியில் கிழக்கு நல்லது என்று முடிவாயிற்று. நிழலுக்காக வேப்பமரத்தின் கீழ் நட்டோம்.

நட்டு முடிந்த பிறகு பார்த்தால் எழுத்துத் தெரியவில்லை. சீமெந்துத் தூசி பட்டுக் கல் சாம்பல் பூத்திருந்தது. கல் வெட்டியவர் எனக்கு ஒரு வழி சொன்னார். தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்துக் கல் முழுவதும் தேய், கல் கறுக்கும், எழுத்து எடுத்துக் காட்டும் என்றார். சட்டை கழற்றிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். எழுத்துப் பளிச்சென்று வந்தது. எனக்குத் திருப்தி.

மறுநாட் காலை வந்தால் கல்லுக்கு முன்னால் கற்பூரம் எரிகிறது. பக்கத்தில் பாக்கியம் அக்கா கைகூப்பிக்கொண்டு நிற்கிறா. பூங்கா வாசலில் கச்சான் கடலை விற்கிறவா. உருத்திரபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவா.

"என்னக்கா செய்யிறியள்?"

"வைரவருக்கு ஒரு கற்பூரம் கொளுத்திறன்."

"எந்த வைரவர்?"

"உந்த வைரவர்தான். நேற்று எண்ணெய்க்காப்புச் சாத்தினது நீதானே, தம்பி? மேலிலை சட்டையும் இல்லாமல் நல்ல பக்தியாச் செய்தனீ. நான் வாசலிலை இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

எங்கள் பக்கத்தில் கோயில் கும்பாபிஷேகத்துக்கு முதல்நாள் ஊரே வரிசையில் நின்று சாமிக்கு எண்ணெய் பூசும். அதைத்தான் எண்ணெய்க்காப்பு என்பது. வேம்பின் கீழ், கிழக்குப் பார்த்த கருங்கல்லுக்கு ஒருவன் வெறும் மேலோடு எண்ணெய் பூசினால் வேறென்ன நினைப்பார்கள்?

"அக்கா, உது வைரவரில்லை. தளபதி."

"தளபதியெண்டால் காவல் காக்கிறவர்தானே?"

"ஓம்."

"வைரவரும் காவல் காக்கிறவர்தானே?"

அன்றைக்கு அவாவின் கச்சான் நாலு மணிக்கு முன்னமே விற்று முடிந்தது. போகும்போது எனக்கென்று எடுத்துவைத்த ஒரு கடதாசிச் சரையைத் தந்துவிட்டுப் போனா. நான் வாங்கித் தின்றேன். தப்பு அங்கேதான் நடந்தது. தின்ற பிறகு எப்படி மறுத்துக் கதைக்கிறது?

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஓட்டோக்காரர் முதல் ஓட்டத்துக்கு முன்னம் கற்பூரம் கொளுத்தினார்கள். சோதினை எழுதுகிற பிள்ளைகள் பேனையைக் கல்லில் தொட்டெடுத்தார்கள். ஆரோ ஒரு சூலம் நட்டார்கள். ஆரோ சிவப்புத் துணி சுற்றினார்கள். இரும்புக்கடை முதலாளியின் களவுபோன மோட்டார் சைக்கிள் நெளுக்குளத்தில் அகப்பட்டதும், அவர் நேர்த்தி வைத்தபடி நூற்றெட்டு வடை கோத்து மாலை போட்டார். வைரவருக்கு வடைமாலைதான் முறை. பீரங்கிக்கு நெஞ்சு கொடுத்த மனிசன் கழுத்தில் வடையோடு நின்றார்.

நாய்கள் வேறு. வேம்பின் கீழ்ச் சீமெந்து குளிர்ச்சி என்று ஆறேழு நாய்கள் முதலே அங்கே படுக்கும். வைரவருக்கு வாகனம் நாய். "பாத்தியே, வாகனமும் வந்திட்டுது" என்று சொன்னார்கள். வடை விழத் தொடங்கிய பிறகு வாகனங்கள் கூடின.

நான் ஒவ்வொரு வெள்ளியும் கூட்டி அள்ளினேன். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் எண்ணெயும் புகையும் குங்குமமும் சேர்ந்து கல்லின் மேல் விரல் தடிப்புக்கு ஒரு தோல் வளர்ந்தது. எழுத்து எல்லாம் அதற்குள் போய்விட்டது.

அப்போதுதான் சபைக்குப் புதிய செயலாளர் வந்தார். பெண். மெலிந்த ஆள். சத்தம் போட்டுக் கதைத்ததை நான் கேட்டதில்லை. எந்தக் கடிதத்தையும் இரண்டு தரம் வாசிப்பார். முதல் தரம் பேனை மூடியிருக்கும். இரண்டாம் தரம் மூடியைக் கழற்றிவிட்டு வாசிப்பார். இடையில் யாராவது கதைத்தால் மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்குவார். அதனால் அவருடைய அறையில் ஒருவரும் தேவையில்லாமல் வாய் திறப்பதில்லை. கோபம் வந்தால் "நல்லது" என்பார். அலுவலகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லாரும் கோப்புக்குள் தலையை விட்டுவிடுவார்கள்.

என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு கோப்பு இருந்தது.

"மணியம், அந்தக் கல்லிலை என்ன எழுதியிருக்கு?"

"தளபதியின்ரை வரலாறு, மிஸ்."

"எத்தனை வரி?"

"பதினாலு."

"நேற்று நான் போய்ப் பாத்தன். ஒரு வரியும் தெரியேல்லை. உங்களுக்குத் தெரியுதோ?"

மேல் இரண்டு வரியை நினைவில் இருந்தபடி சொன்னேன்.

"நீங்கள் பாடமாக்கி வைச்சிருக்கிறியள். தளபதியின்ரை நினைவு நாளுக்கு வாறவையும் பாடமாக்கிக்கொண்டோ வரவேணும்?"

செயலாளர் முதற் கோப்பை மூடிவிட்டு இரண்டாவதைத் திறந்தார். அதற்குள் என் பெயர் இருந்தது. அமையமாக நின்றவர்களை நிரந்தரமாக்க மேலிடத்திலிருந்து பட்டியல் கேட்டிருந்தார்கள். வேலையும் நடத்தையும் திருப்தி என்று செயலாளர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். எனக்கு வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. இந்த முறை தவறினால், பிறகு கிடைத்தாலும் ஓய்வூதியத்துக்குச் சேவைக்காலம் காணாது.

"அரசாங்கச் சொத்தை ஒரு தொழிலாளி கோயிலாக்கிப்போட்டான் எண்டு எழுதிறதோ, வேலை திருப்தி எண்டு எழுதிறதோ? நினைவு நாளுக்கு மூண்டு கிழமை இருக்கு. பத்தடியிலை நிண்டு பதினாலு வரியும் நான் வாசிக்கவேணும். கல்லிலை ஒரு பொட்டும் இருக்கக்கூடாது. நல்லது."

வெளியே வந்தேன்.

மறுநாள் வாளியும் தேய்க்கிற தும்பும் கொண்டு போனேன். ஓட்டோ ரவி கண்டுவிட்டான்.

"மணியண்ணை, வைரவரிலை கை வைச்சியளோ, கை இழுத்துப்போடும். எனக்கு லைசன்ஸ் எடுத்துத் தந்தவர் அவர்."

"நீ மூண்டு தரம் பெயிலாகி நாலாந்தரம் பாசானனீ."

"நாலாந்தரம்தான் கற்பூரம் கொளுத்தினனான்."

பாக்கியம் அக்கா வந்து கல்லுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்துவிட்டா. கச்சான் தட்டு மடியில்.

"நீ நிரந்தரமாகிறதுக்கு என்ரை வைரவரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவப்போறியோ, தம்பி?"

"ஓம் அக்கா."

அவா தட்டைக் கீழே இறக்கி வைத்தா.

"ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்."

"வேறை சொல்லத் தெரியேல்லை."

"எத்தினை வருசமா அமையமா நிக்கிறாய்?"

சொன்னேன். அவா ரவியைப் பார்த்தா. ரவி ஓட்டோவைப் பார்த்தான்.

"சரி. உன்ரை வேலையைக் கெடுக்கிறதுக்கு நான் இதிலை இருக்கேல்லை. ஆனால் சாமி இருக்கேக்கை சுரண்டக்கூடாது. உனக்குத்தான் கூடாது. பிள்ளையள் இருக்குதுகள்."

எனக்கு அப்போதுதான் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் நினைவுக்கு வந்தது. கோயில் திருத்தும்போது சாமியைக் கும்பத்தில் இறக்கி வேறு இடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். அதைத்தான் பாலஸ்தாபனம் என்பது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம்.

"அப்ப பாலஸ்தாபனம் செய்வம்," என்றேன். "வேலிக்கு வெளியிலை, ஓட்டோ நிக்கிற பாலைமரத்துக்குக் கீழை இருத்துவம். திரும்பி வரத் தேவையில்லை. அங்கேயே இருக்கட்டும்."

ரவிக்கு முகம் மலர்ந்தது. சாமி அவனுடைய தரிப்பிடத்துக்கே வருகிறார்.

முள்ளியவளைப் பக்கத்துப் பூசாரியார் ஒருவரிடம் பஸ்ஸில் போனேன். எழுபது வயது, காது கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னேன்.

"அப்ப அது தளபதியின்ரை கல்லு."

"ஓம் ஐயா."

"வைரவர் அதிலை இருக்கிறாரோ?"

"அதைத்தான் உங்களிட்டைக் கேக்க வந்தனான்."

"எனக்கும் தெரியாது. இருந்தால் இறக்கவேணும். இல்லாட்டியும் இறக்கினால் ஒரு குறையும் வராது. ரெண்டுக்கும் ஒரே மந்திரம்தான். ஒரே வடைதான்."

இனிச் செயலாளரின் அனுமதி. அதுதான் பூசாரியாரை விடக் கடினம். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பேனை மூடியபடி ஒரு தரம் வாசித்தார். மூடியைக் கழற்றினார். இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. திரும்ப மூடிவிட்டார்.

"மணியம், இதுக்கு நான் அனுமதி தந்தால், கல்லுக்குள்ளை சாமி இருந்தது எண்டு சபை ஒத்துக்கொண்டதாப் போகும்."

"ஓம் மிஸ்."

"தராட்டி நீங்கள் கழுவமாட்டியள்."

"கழுவ விடமாட்டினம், மிஸ்."

"பாலைமரம் வேலிக்கு உள்ளையோ வெளியிலையோ?"

"வெளியிலை. ஆறு அடி."

"அப்ப அது வீதி. எங்கடை பொறுப்பில்லை." யன்னல் பக்கம் பார்த்தார். "பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கிறது?"

"ஆறு மணிக்கு."

"நான் எட்டரைக்குத்தான் வாறனான்." கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார். "இது எனக்குக் கிடைக்கேல்லை."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாற்பது பேர் நின்றார்கள். பூசாரியார் கும்பம் வைத்தார். பாலைமரத்தடியில் சாமியை இருத்தப் பாக்கியம் அக்கா குளக்கட்டிலிருந்து ஒரு கல் கொண்டு வந்திருந்தா. பூசாரியார் மந்திரம் சொல்லி, தளபதியின் கல்லைத் தர்ப்பைக் கூர்ச்சத்தால் தொட்டு, கும்பத்தைத் தூக்கினார். சேமக்கலம் அடித்தோம். நாற்பது பேரும் கும்பத்துக்குப் பின்னால் நடந்தோம். பூங்கா வாசற் படலையடியில் பூசாரியார் நின்று திரும்பிப் பார்த்தார்.

"வாகனங்கள் வரேல்லையே."

நாய்கள் வேம்பின் கீழேயே படுத்திருந்தன. ஒன்றும் அசையவில்லை.

"வாகனம் இஞ்சை கிடக்கச் சாமி அங்கை போய் என்ன செய்யிறது?" என்றார் இரும்புக்கடை முதலாளி.

ரவி போய்க் கூப்பிட்டான். உறுமின. கடைசியில் அன்றைக்குச் சாத்திய வடைமாலையை அறுத்து, வேம்படியிலிருந்து பாலைமரம் வரைக்கும் பத்தடிக்கு ஒரு வடையாக நானே போட்டுக்கொண்டு போனேன். நாய்கள் எழும்பி, மணந்து, தின்று, வரிசையாக வந்து சேர்ந்தன. ஒரு கிழட்டு வரி நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"அதை விடுங்கோ," என்றான் ரவி. "அது தளபதியின்ரை ஆள்."

எட்டரைக்குச் செயலாளரின் வாகனம் வந்தது. பாலைமரப் பக்கம் அவர் பார்க்கவில்லை. சேமக்கலச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்கே கழுவத் தொடங்கினேன். இதை விபரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும். இரும்புத் தும்பு கூடாது. எழுத்தின் ஓரத்தை உடைக்கும். தேசிக்காய்ச் சாறு போடச் சொன்னார்கள். போடவில்லை. புளி கல்லின் மினுக்கத்தைத் தின்னும். முதலில் கொதிநீர் ஊற்றி மேல் மெழுகைப் பலகைத் துண்டால் வழித்தேன். பிறகு அடுப்புச் சாம்பலை அரித்து, களி போலக் குழைத்து, கல் முழுவதும் அப்பி, வெயிலில் காயவிட்டேன். சாம்பல் எண்ணெயை உறிஞ்சும். காய்ந்து வெடித்ததும் தட்டிவிட்டுப் புதிதாக அப்ப வேண்டும். ஒன்பது தரம் அப்பினேன். எழுத்தின் குழிக்குள் இருந்ததைத் தென்னை ஈர்க்கால் தோண்டினேன். ஒரு நாளைக்கு இரண்டு வரி, கூடினால் மூன்று.

அப்படித்தான் நான் அந்தக் கல்லை முதன்முதலாக முழுவதும் வாசித்தேன். ஒவ்வோர் எழுத்தாக.

கடைசி வரி துலங்கிய அன்று மத்தியானம் பாக்கியம் அக்கா வந்து பக்கத்தில் நின்றா. அவாவுக்கு வாசிக்கத் தெரியாது.

"என்னவாம் எழுதியிருக்கு?"

வாசித்துச் சொன்னேன். எந்த அரசனுக்குப் படை நடத்தினார், எத்தனை பீரங்கி பிடித்தார் என்பதெல்லாம். அவா கச்சான் கோது உடைத்துக்கொண்டு கேட்டா. கடைசி இரண்டு வரியில், காயப்பட்டுக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள், அங்கே இறந்தார், புதைத்த இடம் தெரியாது என்று இருந்தது.

"தாட்ட இடம் தெரியாதோ?"

"தெரியாதாம்."

"இவ்வளவு காலமாகியும்?"

"ஓம் அக்கா."

"தேடினவையாமோ?"

"அது எழுதேல்லை."

அவாவின் புருசன் கடைசிச் சண்டையில் காணாமற் போனவர். அதைப் பற்றி அவா என்னோடு ஒரு நாளும் கதைத்ததில்லை. அன்றைக்கும் கதைக்கவில்லை. கோதுகளைப் பொறுக்கிக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனா.

நினைவு நாள் காலை ஆறு மணிக்குப் படலையைத் திறந்தேன். கல்லின் அடியில், சீமெந்து மேடையில், ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது. ஒன்றே ஒன்று. கற்பூரம் இல்லை, எண்ணெய் இல்லை. வேலியில் ஒரு ஆள் நுழையக்கூடிய இடைவெளி இருந்தது எனக்குத் தெரியும். வாசலில் பாக்கியம் அக்கா கச்சான் வறுத்துக்கொண்டிருந்தா. என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு பொட்டும் இருக்கக்கூடாது என்பது கட்டளை. கையில் கூட்டுகிற தும்புத்தடி இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். நான் பூவைச் சுற்றிக் கூட்டினேன்.

ஏழரைக்குச் செயலாளர் வந்தார். கல்லிலிருந்து பின்னுக்கு அளந்து பத்தடி வைத்து நின்றார். பதினான்கு வரியையும் வாசித்தார். பிறகு இன்னொரு தரம் வாசித்தார். பிறகு கிட்ட வந்து கீழே பார்த்தார்.

"இது என்ன?"

"பூ, மிஸ்."

"கூட்டேக்கை நீங்கள் காணேல்லையோ?"

"கண்டனான். எடுக்கேல்லை."

"திரும்பவும் கும்பிடத் தொடங்கிட்டினமோ?"

"இல்லை மிஸ். வைச்சவாவுக்கு உது ஆற்றை கல்லெண்டு இப்பத் தெரியும். நான்தான் வாசிச்சுச் சொன்னனான்."

"தெரிஞ்சுகொண்டுமோ வைச்சவா?"

"தெரிஞ்சபடியால்தான் வைச்சவா."

செயலாளர் கல்லைப் பார்த்தார். கீழ் இரண்டு வரியில் கண் நின்றது. வீதியில் விருந்தினரின் வாகனங்கள் திரும்புகிற சத்தம் கேட்டது. சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தார். பூ அங்கேயே இருந்தது. விருந்தினர் போட்ட பெரிய மாலை அதற்கு மேல் விழுந்து மூடியது.

அதன்பிறகு ஒரு மாதம் ஒரு சத்தமும் இல்லை. நான் கேட்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. எனக்குப் பிறகு சேர்ந்த இரண்டு பேருக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. பாக்கியம் அக்கா தினமும் என் முகத்தைப் பார்ப்பா, நான் இல்லையென்று தலையாட்டுவேன், அவா திரும்பிக் கச்சானைக் கிளறுவா.

ஒரு புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு உறை ஒன்றைத் தந்தார்கள். நிரந்தர நியமனம். பூங்காத் தொழிலாளி. கூடவே கடமைப் பட்டியல் ஒன்று, எல்லாம் தட்டச்சு. படலை திறத்தல், கூட்டுதல், மரத்துக்குத் தண்ணீர் விடுதல். கடைசியாக, தளபதியின் நினைவுக்கல்லில் எண்ணெய், கற்பூரம், குங்குமம், பூ முதலிய எதுவும் வைக்கப்படாமற் பார்த்துக்கொள்ளுதல். அந்த வரியில் "பூ" என்ற சொல் மட்டும் பேனையால் வெட்டப்பட்டிருந்தது. வெட்டியதற்குப் பக்கத்தில், முறைப்படி, செயலாளரின் சின்னக் கையெழுத்து இருந்தது.